பச்சை லேசருக்கு எந்தக் கண்ணாடி?

532 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை லேசர் பாயின்டரிலிருந்து கண்ணைக் காக்க ஏதாவது சிவப்புக் கண்ணாடி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு ஓடி (OD, ஒளியை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) என்று கண்ணாடியிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். ஓடி 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும்.

பச்சையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பல பாயின்டர்களில் 808 நானோமீட்டர் டயோடு ஒரு படிகத்தைத் தூண்டி 1064 நானோமீட்டர் அலைநீளத்தை உண்டாக்கும்; இவை இரண்டும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அடுத்த படிகம் 1064 அலைநீளத்தைப் பாதியாக்கிப் பச்சையாக்கும். மலிவான சிலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டரே இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத கதிருக்கு இமை மூடாது, விழித்திரை புண்ணாகிவிடும். அதனால் மூன்று அலைநீளங்களுக்கும் ஓடி குறித்த கண்ணாடியாகப் பார்த்து வாங்குங்கள். அப்புறம், அதைப் போட்டுக்கொண்டும் கதிரை நேராகப் பார்க்கவே கூடாது.