மலைப்பாதையில் மழை: கேள்வி – பதில்

பல நாள் மலை நடை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் மழை தொடர்பானவை இந்த இதழில்.

கேள்வி: போன வருடம் வாங்கிய ரெயின் ஜாக்கெட் இப்போது இரண்டு மணி நேர மழைக்கே உள்ளே ஈரமாகிவிடுகிறது. கிழிசல் எதுவும் தெரியவில்லை. தூக்கிப் போடவா?

வேண்டாம். வெளித்துணியில் தண்ணீர் ஒட்டாமலிருக்க ஒரு பூச்சு உண்டு. புதிதில் மழைத்துளி தாமரை இலைத் தண்ணீராக உருண்டோடியது அதனால்தான். பையின் வார் உரசுகிற தோள்பட்டையில் அது முதலில் தேயும். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் மற்ற இடங்களைக் கெடுக்கும். பூச்சு போனதும் வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். உள்ளேயிருக்கும் மெல்லிய படலம் அப்போதும் மழையைத் தடுக்கும். ஆனால் வியர்வை ஆவி வெளியேற வழியிருக்காது. நீங்கள் உணரும் ஈரத்தில் பெரும்பங்கு உங்கள் வியர்வையே.

குழாயடியில் பிடித்துப் பாருங்கள். துணி நிறம் கறுத்து ஊறினால் பூச்சு தேய்ந்துவிட்டது. மழைத் துணிக்கென்றே விற்கும் திரவத்தில் துவைத்து நன்றாக அலசுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் கூடவே கூடாது. சலவைக் குறிப்பு அனுமதித்தால் டிரையரில் மிதமான சூட்டில் 20 நிமிடம் ஓடவிடுங்கள். சூடு பட்டால் பழைய பூச்சு ஓரளவு மீளும். அதற்குப் பிறகும் ஊறினால் புதிதாகப் பூச்சைத் தெளிக்க வேண்டும்.

ஒன்றை மனதில் வையுங்கள். காலை முதல் மாலை வரை கொட்டும் மழையில் ஏற்றம் ஏறுகிறவரை நனையாமல் காக்கும் ஜாக்கெட் கிடையாது. நடக்கும்போது நனையலாம், படுக்கும்போது காய்ந்த துணி இருக்க வேண்டும். மழைநாள் ஏற்பாடெல்லாம் இதற்காகத்தான்.

கேள்வி: பைக்கு மழை உறை போட்டிருந்தும் ஸ்லீப்பிங் பேக் நனைந்துவிட்டது. எப்படி?

மேலுறை உங்கள் முதுகை ஒட்டிய பக்கத்தை மூடுவதில்லை. கழுத்து வழியாக இறங்கும் தண்ணீரைப் பையின் முதுகுப் பஞ்சு உறிஞ்சி, தையல் வழியாக உள்ளே விடுகிறது. பலத்த காற்றில் உறையே பறந்து போவதும் உண்டு.

தடுப்பு பைக்குள்ளே இருக்கட்டும். 50 மைக்ரானோ அதற்கு மேலோ தடிமனுள்ள, முதுகுப்பையை விடப் பெரிய பிளாஸ்டிக் பையை உள்ளே விரியுங்கள். அடியில் ஸ்லீப்பிங் பேக், அதன்மேல் இரவு உடை, இரவு சாக்ஸ். முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்றி, வாயை இறுக முறுக்கி, மடித்து, ரப்பர் பேண்ட் போடுங்கள். கூடாரம் போடும்வரை அதைத் திறக்கவே கூடாது. தீனி, கையுறை, கம்பளித் தொப்பியெல்லாம் வெளிப்பாக்கெட்டில் இருக்கட்டும். ஈரக் கூடாரம் எப்போதும் பிளாஸ்டிக்குக்கு வெளியே. இறகு நிரப்பிய ஸ்லீப்பிங் பேக் என்றால் இரட்டைக் கவனம் தேவை: நனைந்த இறகு கட்டிகட்டியாகி வெப்பம் பிடிக்காது, மலையில் அதைக் காயவைப்பதும் எளிதல்ல.

கேள்வி: நாள் முழுக்க மழை என்றால் நீர் புகாத ஷூ நல்லதுதானே?

தண்ணீர் கணுக்கால் வழியாகத்தானே இறங்குகிறது! இறங்கியது வெளியே போகாது. தொடர் மழைக்கு, நீர் வடியும் வலைத்துணி ஷூவும் கம்பளி சாக்ஸும் மேல். கடுங்குளிரும் பனியும் இருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

கேள்வி: உடன் வருகிறவர் மழையில் நடுங்குகிறார். எப்போது பயப்பட வேண்டும்?

நடுக்கம் தொடங்கியதுமே நில்லுங்கள். உறைபனி வேண்டியதில்லை, 10 டிகிரியில் மழையும் காற்றும் சேர்ந்தாலே போதும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதைத்தான் ஹைப்போதெர்மியா என்கிறோம். ஜிப்பை இழுக்க விரல் வராது, கால் தடுக்கும், பேச்சு குழறும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். பாதிக்கப்பட்டவர் “எனக்கொன்றுமில்லை” என்றால் நம்பாதீர்கள்.

கூடாரம் போட்டு ஈர உடையைக் கழற்றி, காய்ந்ததை அணிவித்து, அடியில் பாய் விரித்து ஸ்லீப்பிங் பேக்கில் படுக்க வையுங்கள். தெளிவாகப் பேசி, தானே விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அக்குளிலும் மார்பிலும் வையுங்கள். மது கூடாது, கைகால்களைத் தேய்க்கவும் கூடாது. மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு எரித்தால் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.

நடுக்கம் நின்று குழப்பம் கூடினால் தேறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள், நிலைமை முற்றிவிட்டது. நடக்க வைக்காமல், அலுங்காமல் படுக்கவைத்து மீட்புக் குழுவை அழையுங்கள்.

கேள்வி: மழையில் பெருகிய ஓடையைக் கடக்கலாமா?

கலங்கி, கிளைகளை அடித்துக்கொண்டு, அடியில் கற்கள் மோதும் சத்தத்தோடு ஓடினால் இறங்காதீர்கள். மலை ஓடைகள் ஏறும் வேகத்திலேயே வடியவும் செய்யும். மழை விட்டுச் சில மணி நேரம் காத்திருந்தாலே மட்டம் இறங்கிவிடுவதுண்டு. கடக்கக்கூடிய நிலையென்றால் அகலமான, ஆழம் குறைந்த இடத்தைத் தேடுங்கள். இடுப்பு வாரையும் மார்பு வாரையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உடனே உதற முடிய வேண்டும். ஷூவோடு, நீர் வரும் திசையைப் பார்த்து, கம்பை முன்னே ஊன்றிப் பக்கவாட்டில் நகருங்கள்.

கேள்வி: காலையில் மறுபடி ஈர உடையையா போடுவது?

ஆமாம். அந்த ஒரு நிமிடம் கொடுமைதான். ஆனால் காய்ந்த சாக்ஸைப் போட்டு நடந்தால் கால் மணியில் அதுவும் நனையும். இரவுக்கு ஒன்றும் மிஞ்சாது. மற்ற வேலைகளை முடித்து, பையையும் கட்டிவிட்டு, கடைசியாக ஈர சாக்ஸை முறுக்கிப் பிழிந்து மாட்டி உடனே நடையைக் கட்டுங்கள். முந்தைய இரவே பாதத்தைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு, அடிப்பாதத்தில் வாஸ்லின் தடவியிருந்தால் தோல் ஊறிப் பிளப்பது குறையும்.