அண்டா வேண்டாம், ஆச்சி!

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வரிதான்: "கடல்மீன் டேங்க் வைக்க என்னென்ன வாங்கணும்?" எந்த மீன், எத்தனை அடி, வீட்டில் எந்த இடம் என்று ஒரு வார்த்தை கிடையாது. கொஞ்சமாவது விவரம் எழுதியவர்களுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதல் டேங்க் என்பதால் 40 லிட்டரில் ஆரம்பிக்கலாமா? (கோட்டையூர்)

சின்னது சுலபம் என்று யார் சொன்னது? 40 லிட்டரில் இரண்டு சொம்பு தண்ணீர் ஆவியானாலே உப்பு எகிறிவிடும். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் வாங்குங்கள். ஏறக்குறைய 190 லிட்டர் பிடிக்கும். பாறை, ஸ்டாண்டு சேர்த்தால் கால் டன் எடை வரும், மாடியில் வைக்காதீர்கள். கீழே ஆத்தங்குடித் தரை என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் தட்டு போடுங்கள். உப்புநீர் சிந்திச் சிந்தி ஓடு வெள்ளை பூத்துவிடும்.

சாமான் பட்டியல் தாருங்கள். (புதுவயல்)

கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர், தண்ணீரைச் சுழல வைக்கும் வேவ்மேக்கர் இரண்டு, உலர்ந்த பாறை 15 முதல் 20 கிலோ, உப்பின் அளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் டெஸ்ட் கிட், தண்ணீரில் கரைந்திருப்பதையெல்லாம் நீக்கும் ஆர்.ஓ./டி.ஐ. யூனிட், உப்பு கலக்க மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம். சம்ப் (டேங்குக்கு அடியில் வைக்கும் வடிகட்டித் தொட்டி) வைக்க இடமிருந்தால் வையுங்கள். மீன் மட்டும் என்றால் சாதாரண எல்.இ.டி. விளக்கே போதும். கரண்ட் போனால் சமாளிக்க பேட்டரி ஏர் பம்ப் ஒன்று. பட்டியலில் மீன் இல்லை, கவனித்தீர்களா? சைக்ளிங், அதாவது கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா டேங்கில் வளர்வது, முடிய 4 முதல் 6 வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை மீன் கடைப் பக்கமே போகாதீர்கள். முதலில் தண்ணீர், அப்புறம்தான் மீன்.

ஹீட்டர் எத்தனை வாட் வாங்கலாம்? (காரைக்குடி)

காரைக்குடியிலிருந்து ஹீட்டரா! மார்கழியிலும் வீட்டுக்குள் பெரும்பாலும் தேவைப்படாது. அந்தக் காசில் ஃபேன் வாங்குங்கள்.

தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் விலை கட்டுப்படியாகவில்லை. முற்றத்தில் காற்றோட்டமாக வைத்தால் சூடு குறையுமா? (தேவகோட்டை)

முற்றத்தில் வெயில் நேரே விழும். சூடும் ஏறும், பாசியும் பிடிக்கும். உள்ளறையில் வைத்து, நீர்மட்டத்தில் காற்று படும்படி சின்ன ஃபேன் இரண்டு மாட்டுங்கள். நம் செட்டிநாட்டுக் காற்று வறண்டது என்பதால் சென்னையைவிட இங்கே ஃபேன் நன்றாக வேலை செய்யும். 2, 3 டிகிரி இறங்கும். 26 டிகிரி இருந்தால் நல்லது. 30 தாண்டினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்து மீன் மேலே வந்து வாய் பிளக்கும். பவளம் வளர்க்கும் ஆசை இருந்தால் சில்லர் இல்லாமல் முடியாது. ஃபேன் போட்டால் தினமும் 2, 3 லிட்டர் ஆவியாகும். அதற்கு ஈடாக உப்பு கலக்காத ஆர்.ஓ./டி.ஐ. தண்ணீர் ஊற்றுங்கள். உப்புநீர் ஊற்றிவிட்டு "உப்பு ஏன் ஏறுகிறது" என்று அடுத்த மாதம் கடிதம் போடாதீர்கள். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும்.

ஆயா காலத்துப் பித்தளை அண்டாவில் உப்பு கலந்து ஊற்றினேன். மீன்கள் நன்றாக இருக்கின்றன. கிளீனர் இறால் மூன்றும் செத்துவிட்டன. டெஸ்ட் கிட்டில் எல்லாம் சரியாகவே காட்டுகிறது. (பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி)

காரணத்தை நீங்களே முதல் வரியில் எழுதிவிட்டீர்கள், ஆச்சி. பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். அண்டாவின் உள்பக்கம் தண்ணீர் நின்ற மட்டத்தில் விரலால் தேய்த்துப் பாருங்கள், பச்சையாக ஒட்டும். ஈயம் பூசியது என்று சமாதானம் சொல்வார்கள். கரண்டி உரசி உரசிப் பூச்சு தேய்ந்த இடம் போதும் உப்புநீருக்கு. மீனின் ஒட்டுண்ணிக்கு மருந்தாகப் போடுவதே செம்புதான். அளவோடு இருந்தால் மீன் தாங்கும். இறால், நத்தை, பவளம், பூப்போல விரியும் அனிமோனி எதுவும் தாங்காது. உங்கள் கிட்டில் செம்புக்குச் சோதனையே இருக்காது, அதைத் தனியாக வாங்க வேண்டும்.

நானும் இதில் சூடு பட்டவன்தான். டிரம்மெல்லாம் பிளாஸ்டிக்கில் வாங்கிவிட்டு, அதன் அடியில் வீட்டில் கிடந்த பித்தளைக் குழாயைத் திருகினேன். வாரம் இரண்டு நத்தையாகக் கவிழ்ந்தது. பாறையை மாற்றினேன், உப்பை மாற்றினேன், கடைக்காரரைத் திட்டினேன். குழாய் வாயில் பச்சை படிந்திருந்ததைப் பார்க்க இரண்டு மாதம் பிடித்தது.

இப்போது புதிதாக ஒரு தொல்லை, செம்பு சேர்த்துத் தரும் குடிநீர் ஆர்.ஓ. மெஷின். மனுஷருக்கு என்னவோ, இறாலுக்கு ஆகாது. செம்பு இல்லாத மெஷினிலும் ருசிக்காகக் கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரைக் கலந்தே விடுவார்கள். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவு) 50, 80 என்று நிற்கும். நமக்கு வேண்டியது 0. அதற்குத்தான் மிச்சத்தையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின்.

இனி செய்ய வேண்டியது: டிரம்மில் கலந்த தண்ணீரில் வாரம் கால்வாசி மாற்றுங்கள், நல்ல ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். பாறை செம்பை உறிஞ்சி வைத்திருந்து பிறகு மெல்லக் கக்கும். அதனால் ஓரிரு மாதம் இறால் வாங்காதீர்கள். பிளாஸ்டிக் டிரம், பிளாஸ்டிக் குழாய், பிளாஸ்டிக் கரண்டி. அண்டாவைப் புளி போட்டுத் துலக்கிக் கல்யாணத்துக்கு வையுங்கள்.

கல் உப்பு போட்டால் செலவு மிச்சம்தானே? (காரைக்குடி)

குழம்புக்குப் போடுங்கள். கடல்நீரில் மெக்னீசியம், கால்சியம், பைகார்பனேட் எல்லாம் சேர்ந்திருக்கும். மீனுக்கென்று விற்கும் உப்புக் கலவையே வேண்டும், 100 லிட்டருக்கு 4 கிலோ பக்கம் பிடிக்கும். ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.025 காட்ட வேண்டும்.

தொண்டி பக்கம்தானே, தண்ணீரும் நாலு பவளப் பாறையும் அள்ளி வந்தால்? (தேவகோட்டை)

தொண்டிக் கரையோரம் ஆழமில்லாத கலங்கல் தண்ணீர். அதை வடிகட்டித் தெளிய வைக்கும் பாட்டுக்கு உப்புக் கலவையே மலிவு. பாறையைத் தொடவே தொடாதீர்கள். பவளமும் கடற்குதிரையும் 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. "கரையில் ஒதுங்கிக் கிடந்தது" என்று சொன்னால் யாரும் விடமாட்டார்கள். மீன் வாங்கும்போதும் கடலில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்று கேளுங்கள். கோமாளி மீன் பண்ணையிலேயே பிறக்கிறது. கடலில் அது ஒண்டி வாழும் அனிமோனி இல்லாமலும் சுகமாக இருக்கும்.

சென்னையில் இருக்கிறோம். முன்னோர் படைப்புக்கும் பொங்கலுக்கும்தான் ஊருக்கு வருவோம். முகப்பில் 6 அடி டேங்க் வைத்தால் எடுப்பாக இருக்கும். வாட்ச்மேன் இரை போடுவார். (கானாடுகாத்தான்)

வேண்டாம். வாட்ச்மேன் இரை போடுவார், ஸ்கிம்மர் கோப்பையைக் கழுவுவாரா? ராத்திரி கரண்ட் போனால் எழுந்து பார்ப்பாரா? முற்றத்துக் கல்தொட்டியில் அல்லி வைத்து நாலு கப்பி மீன் விடச் சொல்லுங்கள். கொசுப்புழுவைத் தின்றுகொண்டு அதுபாட்டுக்கு இருக்கும்.