இலங்கையின் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரில் எத்தனை பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது: 5,25,000-ஆ, 6,00,000-ஆ? உங்கள் முதல் குறிப்பு ஒன்றையும் இரண்டாவது குறிப்பு மற்றதையும் சொல்வதாகக் கேட்டிருந்தீர்கள்.

இரண்டும் சரி, ஆண்டுதான் வேறு. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்றது 5,25,000 பேர், இலங்கை ஏற்றது 3,00,000 பேர். மீதி 1,50,000 பேரை அப்படியே தொங்கலில் விட்டார்கள். 1974 ஜனவரியில் இந்திரா காந்தி காலத்தில் அதையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள், ஏதோ காணித் துண்டைப் பிரிப்பதுபோல.

உங்கள் இரண்டாவது குறிப்பை எழுதியவர் இந்தியாவின் பங்கான அந்த 75,000-ஐயும் சேர்த்து 1964 தலைப்பின் கீழே போட்டிருப்பார். சரிபார்க்க எளிய வழி: 1964 ஒப்பந்தத்தின் விகிதம் 7:4, இந்தியாவுக்கு ஏழு, இலங்கைக்கு நான்கு. 5,25,000-க்கு 3,00,000 அதில் பொருந்தும். 6,00,000-க்கு 3,75,000 பொருந்தாது.

"இந்தியா ஏன் இறங்கி வந்தது?" என்றும் கேட்டிருந்தீர்கள். இவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பதே நேருவின் நிலைப்பாடு. ஆனால் 1962 சீனப் போருக்குப் பின் அண்டை நாடுகளின் நட்பு டில்லிக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. என் கணிப்பில் அதுதான் முதற்காரணம்.

ஒன்றைக் கவனியுங்கள்: இவை ஒப்புக்கொண்ட எண்ணிக்கைகள், கப்பலேறியவர்களின் எண்ணிக்கை அல்ல. எங்கள் அம்மாயியின் இந்தியப் பாஸ்போர்ட் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்), தகரப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. 1984-இல் இந்தியாவுக்குப் போகும் தலைமன்னார் கப்பலும் நின்றுவிட்டது.