தாம்பரம் சென்னையா, இல்லையா?

பேச்சு வழக்கில் சென்னைதான், ஆனால் அரசுப் பதிவேட்டில் இல்லை. தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம், 2021 முதல் தனி மாநகராட்சி. ஊருக்குப் புதிதாக வருபவர்கள் திணறுவது மாநகராட்சி எல்லையும் மாவட்ட எல்லையும் ஒன்றுதான் என்று நினைப்பதால்தான். சோழிங்கநல்லூரையே எடுத்துக்கொள்ளுங்கள், 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது அதற்குள் வந்துவிட்டது, ஆனால் 2018 வரை மாவட்டம் காஞ்சிபுரம்தான், அதாவது சொத்து வரி சென்னைக்கு, பட்டா வேலைக்குக் காஞ்சிபுரம் மாவட்டம், மக்களுக்கு இது வீண் அலைச்சல். இப்போது சென்னையில் இரண்டு எல்லையும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. அப்புறம் பெருங்குடியையும் பெருங்களத்தூரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: முன்னது சென்னை மாநகராட்சி, பின்னது தாம்பரம். வெளியூர்ப் பேருந்தில் 'சென்னை' என்று போட்டிருந்தாலும் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டால் நீங்கள் நிற்பது செங்கல்பட்டு மாவட்டத்தில்.