குடிநோயாளிகளின் குடும்பங்களுக்கு ஆலோசகராக இருப்பது எப்படிப்பட்ட வேலை?

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலைப் படிப்பு) முடிக்கப் போகிறேன், போதை சிகிச்சை மையத்தில் ஆலோசகராகச் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வேலையிலேயே தலை நரைத்தவள் சொல்கிறேன்: சேரலாம். ஆனால் குடிப்பவரோடு பேசுவதைவிட அவருடைய மனைவியோடும் அம்மாவோடும்தான் அதிகம் பேச வேண்டியிருக்கும்.

வந்ததும் பாதிப் பேர் கேட்பது இதைத்தான்: "மேடம், அவருக்குத் தெரியாம சோத்துல கலந்து குடுக்க ஏதாச்சும் மாத்திரை இருக்கா?" சிலர் அதற்குள் கலந்தே கொடுத்திருப்பார்கள். குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உள்ளே போனது தெரியாமல் ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மருத்துவர் பரிசோதித்து எழுதித் தந்து, அவரும் சம்மதித்துச் சாப்பிட்டால் அதே மாத்திரை உதவும். இதைத் திட்டாமல் புரியவைக்க வேண்டும்.

கார்த்திகை பிறந்தால் இன்னொரு சிக்கல். தினமும் குடித்தவர் மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்தியிருப்பார். இரண்டாம், மூன்றாம் நாளில் கை நடுங்கும், இல்லாத ஆட்களோடு பேசுவார், வலிப்பும் வரலாம். சாமி குத்தம் என்று மந்திரிக்க அழைத்துப் போவார்கள். உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை அது.

கணவருக்காக ஆபீஸுக்கு போன் போட்டு 'காய்ச்சல்' என்று பொய் சொல்லும் மனைவியிடம், எடுத்த எடுப்பில் "இனிமேல் சொல்லாதீங்க" என்று பாடப்புத்தகத்தை ஒப்பிக்காதீர்கள். அவர் வேலை போனால் வாடகையை யார் கட்டுவது? அடி விழுகிறதா என்பதை முதலில் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் சொல்லி வையுங்கள்.

பிள்ளைகளில், 'ரொம்ப சமத்து' என்று பெயரெடுத்ததைத்தான் நான் முதலில் கவனிப்பேன். "அப்பா வண்டிக்கு ஸ்டாண்டு போடுற சத்தத்துலயே இன்னிக்கு எப்படின்னு தெரிஞ்சிடும்" என்றாள் ஒரு சிறுமி. அந்தச் சத்தம் கேட்டதும் தம்பியை அழைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாளாம். அப்பா குடியை விட்டு மாதங்கள் ஆன பிறகும் போய்க்கொண்டிருந்தாள். 'அவர்தான் இப்போ குடிக்கறதில்லையே, இவளுக்கு என்ன?' என்றார் அம்மா. அப்பாவுக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது. அவளோடு அப்போதுதான் பேசவே ஆரம்பித்திருந்தோம்.

சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. சேருவதற்கு முன் அல்-அனான் கூட்டம் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். குடிநோயாளிகளின் வீட்டாருக்காக 1951-இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு அது. வெளியாட்களை அனுமதிக்கும் கூட்டம் எப்போது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.