கிராஃபிக்ஸ் கார்டை மறந்துவிட்டு ரேம், எஸ்எஸ்டி, போர்ட்களைப் பாருங்கள்

கேள்வி: டிஜிட்டல் தடயவியல் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். சொந்தமாகப் பயிற்சி செய்ய ஒரு லேப்டாப் வாங்க வேண்டும். சீனியர் ஒருவர் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் லேப்டாப் வாங்கு என்கிறார், நண்பன் மேக்புக்தான் என்று அடம்பிடிக்கிறான். யார் பேச்சைக் கேட்பது, சார்?

பதில்: அவர்கள் இரண்டு பேரையும் கொஞ்சம் ஓரமாக உட்காரச் சொல்லுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு உங்களுக்கு எப்போது உதவும் என்றால், ஹாஷ்கேட் மாதிரி ஒரு மென்பொருளை வைத்துப் பாஸ்வேர்ட் உடைக்கும்போது. அது தினமும் செய்கிற வேலை இல்லை. தினமும் செய்யப்போவது டிஸ்க்கை இமேஜ் எடுப்பது (அதாவது அச்சு அசலாக முழு நகல் எடுப்பது), அதை ஆட்டோப்ஸி என்ற ஆய்வு மென்பொருளில் ஏற்றித் தேடுவது, மெமரி டம்ப்பை, அதாவது ரேமில் இருந்ததன் நகலை, வாலட்டிலிட்டி என்ற மென்பொருளில் பிரிப்பது, நடுவில் இரண்டு மூன்று விர்ச்சுவல் மெஷின் (லேப்டாப்புக்குள்ளேயே ஓடும் தனிக் கணினி மாதிரி) ஓட்டுவது. இதற்கெல்லாம் வேண்டியது ரேமும் வேகமான சேமிப்பும்தான்.

ரேம் 32 ஜிபி. முடிந்தால் 64. விர்ச்சுவல் மெஷின் ஒன்றுக்கு 8 ஜிபி கொடுத்து இரண்டை ஓடவிட்டால் 16 அங்கேயே போய்விடும், பிறகு விண்டோஸுக்கும் ஆட்டோப்ஸிக்கும் மிச்சம் என்ன இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். இப்போதைக்கு 16 தான் கட்டுப்படியாகும் என்றால் அதோடு தொடங்கலாம், ஆனால் ரேம் போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டதா, கழற்றி மாற்றக்கூடிய ஸ்லாட்டா என்று பார்த்து வாங்குங்கள். ஸ்பெக்கில் ரேம் வகை எல்பிடிடிஆர் (LPDDR) என்று போட்டிருந்தால் பெரும்பாலும் மாற்ற முடியாது. மெலிசாக, அழகாக இருக்கிற லேப்டாப்கள் பலவும் இந்த ரகம்தான்.

அப்புறம் எஸ்எஸ்டி. வேகமான எஸ்எஸ்டி செருகும் என்விஎம்இ (NVMe) ஸ்லாட் இரண்டு இருந்தால் ரொம்ப நல்லது. ஒன்றில் விண்டோஸும் மென்பொருள்களும், இன்னொன்றில் கேஸ் கோப்புகள். ஒரே டிஸ்க்கில் இமேஜைப் படித்துக்கொண்டே அதே டிஸ்க்கில் இண்டெக்ஸும் (தேடுவதற்கான சொல் பட்டியல்) எழுதினால் இரண்டும் மோதிக்கொண்டு இழுக்கும்.

யுஎஸ்பி போர்ட்டை யாரும் கவனிப்பதில்லை. 1 டிபி ஹார்ட் டிஸ்க்கை நொடிக்கு 150 எம்பி வேகத்தில் இமேஜ் எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். அதையே தவறிப்போய் யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் நொடிக்கு 35 எம்பிதான் வரும், கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் ஆகும். எனக்கு ஒரு முறை அது நடந்தது. அதோடு ஸ்லீப் செட்டிங்கையும் மாற்ற மறந்து மூடியைச் சாத்திவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் வந்து பார்த்தால் இமேஜ் பாதியில் நிற்கிறது, முதலிலிருந்து திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. அதனால் போர்ட்கள் குறைந்தது மூன்று வேண்டும்: மூல டிஸ்க்குக்கு ஒன்று, இமேஜ் போய் விழும் டிஸ்க்குக்கு ஒன்று, மென்பொருள் லைசன்ஸ் டாங்கிளுக்கு (செருகினால்தான் மென்பொருள் திறக்கும் யுஎஸ்பி சாவி) ஒன்று.

பிராசஸர் எச் வரிசையாக (மாடல் எண்ணின் கடைசியில் H) இருக்கட்டும். யு வரிசை பேட்டரியைச் சேமிப்பதற்கென்று செய்தது, மணிக்கணக்கில் இண்டெக்ஸ் ஓடும்போது மூச்சுவாங்கும். காற்றோட்டம் சரியில்லாவிட்டால் எச் வரிசையும் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆகவே விசிறி இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளப் பழகுங்கள்.

மேக்புக் நல்ல கருவிதான். ஆனால் எஃப்டிகே இமேஜர், எக்ஸ்-வேஸ் மாதிரி தடயவியல் மென்பொருள்கள் எல்லாம் விண்டோஸில் ஓடுபவை. 2020 கடைசியிலிருந்து மேக்கில் வரும் ஆப்பிள் சில்லுகள் ஏஆர்எம் (ARM) ரகம், இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்கான சாதாரண எக்ஸ்86 விண்டோஸ் விர்ச்சுவல் மெஷின் அதில் நேரடியாக ஓடாது, எமுலேஷனில், அதாவது அந்தச் சில்லு மாதிரி நடிக்கவைத்து, ஓட்டினால் நத்தை வேகம். ஏஆர்எம் விண்டோஸ் லேப்டாப்பிலும் டாங்கிள் டிரைவர் மாதிரி விஷயங்கள் தொல்லை தரலாம். மேக்கை இரண்டாவது லேப்டாப்பாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரைட் பிளாக்கர் (டிஸ்க்கில் எதுவும் எழுதவிடாமல் தடுக்கும் கருவி) தனியாக வாங்கத்தான் வேண்டுமா? லேப்டாப்பிலேயே ரீட் ஒன்லி என்று மாற்றிக்கொண்டால் போதாதா?

பதில்: வீட்டுப் பயிற்சிக்குப் போதும். உண்மையான வழக்கின் சாட்சியம் என்றால் போதாது. டிஸ்க்கைச் செருகிய அடுத்த நொடியே விண்டோஸ் அதை மவுன்ட் செய்து தன் பங்குக்கு ஏதாவது எழுதிவிடும். நீங்கள் ஒரு கோப்பையும் தொட்டிருக்க மாட்டீர்கள், ஆனாலும் டிஸ்க்கின் ஷா-256 மதிப்பு (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான எண்) மாறிப்போயிருக்கும். அதற்குப் பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் ஏன் மாறியது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். சாஃப்ட்வேர் வழி பூட்டு நீங்கள் மறக்காதவரை வேலை செய்யும். ஹார்ட்வேர் பிளாக்கர் நீங்கள் மறந்தாலும் வேலை செய்யும். கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பிளாக்கர் வாங்கிவிடலாம்.

கேள்வி: அந்த லேப்டாப்பிலேயே படமும் பார்த்து, மெயிலும் பார்க்கலாமா?

பதில்: படிக்கிற காலத்தில் பாருங்கள், யார் கேட்கப்போகிறார்கள். வேலைக்குப் போனதும் வேண்டாம், வழக்கு லேப்டாப் வழக்குக்கு மட்டும்தான். டிஸ்க்கை முழுசாக என்கிரிப்ட் செய்துவிடுங்கள். விண்டோஸின் சொந்த என்கிரிப்ஷன் வசதியான பிட்லாக்கர் முழு வசதியோடு வேண்டும் என்றால் விண்டோஸ் ப்ரோ தேவைப்படும், இல்லாவிட்டால் அதே வேலையைச் செய்யும் வெராகிரிப்ட் இலவசம்.