'ஏ கிறிஸ்மஸ் கேரல்' குறுநாவலில் சமூகப் புறக்கணிப்பு: கட்டுரையை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'ஏ கிறிஸ்மஸ் கேரல்' பற்றி, 'சமூகப் புறக்கணிப்பு' என்ற தலைப்பில் கல்லூரிக்கு 1500 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும். கதை நன்றாகத் தெரியும். ஆனால் குறிப்பெடுக்க உட்கார்ந்தால் 'ஏழைகள் பாவம், பணக்காரருக்கு இரக்கமில்லை' என்பதைத் தாண்டிப் போக முடியவில்லை. என்ன செய்வது?

பதில்:

முதல் பகுதியில், கிறிஸ்மஸுக்கு முந்தைய நாள் மாலை, ஏழைகளுக்காக நன்கொடை கேட்டு இரண்டு பேர் கதையின் நாயகனான கருமி ஸ்க்ரூஜின் அலுவலகத்துக்கு வருவார்கள் இல்லையா? அந்த உரையாடலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மெதுவாகப் படியுங்கள். சின்ன உரையாடல்தான். ஆனால் உங்கள் கட்டுரைக்குத் தேவையான முதுகெலும்பு அதற்குள்ளேயே இருக்கிறது. இலக்கிய மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. இந்த நாவலைப் பற்றி வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை நேரே, ஸ்க்ரூஜின் குமாஸ்தா பாப் க்ராட்சிட்டின் நோயாளி மகன் டைனி டிம்மின் ஊன்றுகோலுக்குப் போய்விடும். அங்கே கண்ணீர் இருக்கிறது, வாதம் இல்லை. வாதம் அந்த அலுவலகத்தில்தான் நடக்கிறது.

ஸ்க்ரூஜ் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். "சிறைகள் இல்லையா? ஒர்க்ஹவுஸ்கள் நடக்கின்றனவா?" என்று கேட்கிறார். (ஒர்க்ஹவுஸ் என்பது ஆதரவற்ற ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய பொது விடுதி.) நடக்கின்றன என்றதும், அந்த நிறுவனங்களுக்கு நானும் பணம் கட்டுகிறேன், அவற்றுக்கு ஆகும் செலவே போதும், வசதியில்லாதவர்கள் அங்கே போகட்டும் என்கிறார். கருமித்தனம் என்று இதைச் சுருக்கிவிடாதீர்கள். பொறுப்பை ஓர் அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டு, வரியும் கட்டியாகிவிட்டது, இனி என்னை ஏன் தொந்தரவு செய்கிறீர்கள் என்று கேட்பவரின் குரல் இது. பலர் அங்கே போவதைவிடச் சாவதே மேல் என்று நினைக்கிறார்கள் என வந்தவர் சொன்னதும், அப்படியானால் செத்துப்போய் 'உபரி மக்கள்தொகையை'க் குறைக்கட்டும் என்கிறார். அடுத்து வருவதைத்தான் பலர் கவனிக்காமல் போகிறார்கள். "அதோடு, அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்கிறார். வந்தவர் சொல்லும் பதில்: "தெரிந்துகொள்ள உங்களால் முடியுமே." உடனே ஸ்க்ரூஜ், அது என் வேலை இல்லை, என் வேலையைப் பார்க்கவே எனக்கு நேரம் சரியாக இருக்கிறது என்று பேச்சை முடித்துவிடுகிறார்.

உங்கள் மையக் கருத்து இங்கே பிறக்கிறது: இந்தக் கதையில் புறக்கணிப்பு என்பது கண்ணில் படாமல் போவது அல்ல, காரணத்தைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு பார்க்க மறுப்பது.

சரி, இந்தக் கருத்தை 1500 சொற்களுக்கு எப்படி நீட்டுவது? நீட்டவே வேண்டாம், டிக்கன்ஸே நீட்டித் தந்திருக்கிறார். ஸ்க்ரூஜ் அங்கே பேசிய மூன்று வாக்கியங்களும் ஒவ்வொன்றாக அவரிடமே திரும்பி வருகின்றன. 'அது என் வேலை இல்லை' என்பதற்கு அன்று இரவே, இறந்துபோன அவருடைய தொழில் பங்காளி மார்லியின் ஆவி பதில் சொல்கிறது: மனித குலமே என் வேலையாக இருந்தது. 'உபரி மக்கள்தொகை' மூன்றாம் பகுதியில் திரும்புகிறது. டைனி டிம் பிழைப்பானா என்று ஸ்க்ரூஜ் பதறும்போது, மார்லிக்குப் பின் அவரைத் திருத்த வரும் மூன்று ஆவிகளில் இரண்டாவது அவருடைய சொற்களையே எடுத்து அவர் முகத்துக்கு நேராகச் சொல்கிறது. உபரி எது, அது எங்கே இருக்கிறது என்று தெரியும்வரை அப்படிப் பேசாதே என்றும் சொல்கிறது. ஸ்க்ரூஜ் தலைகுனிகிறார். எண்ணிக்கையாக இருந்தவர்களில் ஒருவனுக்கு இப்போது பெயரும் முகமும் வந்துவிட்டன. மூன்றாவதாக, அதே பகுதியின் முடிவில், ஆவியின் அங்கிக்கு அடியிலிருந்து எலும்பும் தோலுமாக இரண்டு குழந்தைகள் வெளியே வருகிறார்கள். பையன் அறியாமை, பெண் வறுமை. இவர்கள் உன் பிள்ளைகளா என்று கேட்டால், மனிதனின் பிள்ளைகள் என்கிறது ஆவி. இவர்களுக்குப் போக இடமில்லையா என்று ஸ்க்ரூஜ் கேட்கும்போது வரும் பதில், "சிறைகள் இல்லையா? ஒர்க்ஹவுஸ்கள் இல்லையா?"

வாக்கியத்துக்கு ஒரு பத்தி என்று வைத்தாலே கட்டுரையில் பாதி தயார். அந்தப் பையனிடம்தான் அதிக எச்சரிக்கையாக இரு என்று ஆவி சொல்வதையும் விட்டுவிடாதீர்கள். வறுமையைவிட அறியாமையை டிக்கன்ஸ் ஏன் முன்னால் வைக்கிறார் என்பதற்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. 1843 செப்டம்பரில் டிக்கன்ஸ் லண்டனில் ஃபீல்ட் லேன் என்ற இடத்திலிருந்த ஏழைக் குழந்தைகளின் இலவசப் பள்ளிக்குப் போய்ப் பார்த்தார். அதே ஆண்டு, குழந்தைத் தொழிலாளர் பற்றிய அரசு ஆணைய அறிக்கையைப் படித்துவிட்டு ஒரு துண்டுப் பிரசுரம் எழுத நினைத்தார். பிறகு அதைக் கைவிட்டுக் கதையாக எழுதினார். டிசம்பர் 19 அன்று நூல் வெளிவந்தது. முதலில் அச்சிட்ட 6000 பிரதிகளும் கிறிஸ்மஸுக்குள் தீர்ந்துபோயின.

வரலாற்றுப் பின்னணிக்கு இன்னும் இரண்டு செய்திகள் போதும். ஒன்று, 1834இன் ஏழைச் சட்டத் திருத்தம். உதவி வேண்டுமா, ஒர்க்ஹவுஸுக்குள் வா என்பதுதான் அதன் கொள்கை. உள்ளே போனால் கணவன், மனைவி, குழந்தைகள் தனித்தனியே பிரிக்கப்படுவார்கள். வெளியே உள்ள ஏழைத் தொழிலாளியின் வாழ்க்கையைவிட உள்ளே வாழ்வது மோசமாகவே இருக்க வேண்டும் என்று திட்டமிட்டே அமைத்தார்கள். சாவதே மேல் என்று ஏன் நினைத்தார்கள் என்பது இப்போது புரியும். இன்னொன்று, மக்கள்தொகை உணவைவிட வேகமாகப் பெருகும் என்று வாதிட்டுப் பொருளியலாளர் மால்தஸ் 1798இல் வெளியிட்ட மக்கள்தொகைக் கட்டுரை. 'உபரி' என்ற பேச்சின் வேர் அங்கே இருக்கிறது. இவற்றைத் தனிப் பத்தியாகத் திணிக்காமல், அந்தந்த வாக்கியம் வரும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், யாரும் தொடாத ஒரு காட்சியைச் சேர்த்தால் கட்டுரைக்கு உயிர் வரும். என் தேர்வு, முதல் பகுதி முடியும் இடம். மார்லி போன பிறகு ஸ்க்ரூஜ் ஜன்னல் வழியே பார்க்கிறார். வானம் முழுக்க ஆவிகள், எல்லாம் சங்கிலியோடு. வெள்ளை வெய்ஸ்ட்கோட் போட்ட ஒரு கிழவரை ஸ்க்ரூஜுக்கு முன்பே தெரியும். அவர் கணுக்காலில் ஒரு பெரிய இரும்புப் பெட்டகம் கட்டியிருக்கிறது. கீழே ஒரு வாசற்படியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு உதவ முடியவில்லையே என்று அந்த ஆவி கதறி அழுகிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பிசையும். உயிரோடு இருந்தபோது கை இருந்தது, பணம் இருந்தது, பார்க்கவில்லை. இப்போது பார்க்க முடிகிறது, கைதான் எட்டவில்லை. ஆனால் படியில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு இதில் எதுவுமே தெரியாது. அவளுக்குக் குளிர் அப்படியேதான் இருக்கிறது. இதையும் எழுதுங்கள்.

ஸ்க்ரூஜும் புறக்கணிக்கப்பட்டவர்தான். விடுமுறைக்கு எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு பள்ளியில் தனியாக உட்கார்ந்து படிக்கும் சிறுவனை இரண்டாம் பகுதியில் பார்க்கிறோம். இதற்குச் சில வரிகள் போதும். அதிகம் எழுதினால் கட்டுரை அவருக்கு மன்னிப்பு வாங்கித் தரும் வேலையில் இறங்கிவிடும்.

கடைசியாக ஓர் எதிர்வாதம் கட்டாயம் வேண்டும். முடிவில் ஸ்க்ரூஜ் பாப் க்ராட்சிட் வீட்டுக்கு வான்கோழி அனுப்புகிறார், சம்பளத்தை உயர்த்துகிறார். ஏழைச் சட்டமோ அப்படியே இருக்கிறது, ஒர்க்ஹவுஸ் கதவுகளும் அப்படியே. வாரம் 15 ஷில்லிங் வாங்கும் ஒரு குமாஸ்தாவின் குடும்பத்துக்கு விடிந்துவிட்டது, மற்றவர்களுக்கு? இது நியாயமான கேள்வி, மழுப்பாமல் எழுதுங்கள். டிக்கன்ஸ் இதற்கு முழுப் பதில் தரவில்லை என்பதே என் கருத்து. ஆனால் ஒரு பாதிப் பதில் இருக்கிறது. கிறிஸ்மஸ் காலையில் ஸ்க்ரூஜ் தெருவில் நன்கொடை கேட்டு வந்தவர்களில் ஒருவரைச் சந்தித்து, காதோடு ஒரு தொகையைச் சொல்கிறார். அவர் மூச்சடைத்துப் போகிறார். தொகை எவ்வளவு என்று டிக்கன்ஸ் கடைசிவரை சொல்வதில்லை. அதில் பல பழைய பாக்கிகளும் அடக்கம் என்கிறார் ஸ்க்ரூஜ். தானம் கொடுப்பவர் பாக்கி என்று சொல்லமாட்டார், கடன்பட்டவர்தான் சொல்வார். கடைசி 300 சொற்களை இந்த ஒரு வரிக்கு ஒதுக்குங்கள்.